மருந்தும் மருந்தும் பகையானால்!

ஒரு மனிதன் நஞ்சருந்தி இறந்தால் மரண விசாரணை நடைபெறுகிறது. கத்திக்குத்துக்கு இலக்காகி இறந்தால் வழக்கு நடைபெறுகிறது. ஆனால், ஒரு வைத்தியர் நல்லெண்ணத்தோடு கொடுத்த மருந்தும், மற்றொரு வைத்தியர் அதே நல்லெண்ணத்தோடு கொடுத்த மருந்தும் ஓர் உடலினுள்ளே சந்தித்துப் பகைத்து, அவ்வுடலுக்குரியவரின் உயிரைப் பறித்துவிட்டால் அதற்குப் பொறுப்பாளி யார்? முதலாமவரா? இரண்டாமவரா? இரண்டையும் கையிலே கொடுத்த மருந்தாளரா? முன்னையதைப் பற்றிப் பின்னையவருக்குச் சொல்லாதுவிட்ட நோயாளியா? அன்றி, இவர்களுள் ஒருவரையேனும் “கேள்” என்று கட்டாயப்படுத்தாத நாட்டின் சட்டமா?

இது கற்பனைக் கேள்வியன்று. மனச்சோர்வு என்னும் நோய்க்குரிய மருந்துகளை இன்று உலகெங்கும் கோடிக்கணக்கானோர் உட்கொள்கின்றனர். எமது ஊர்களிலும் வெளியே சொல்லியும் சொல்லாமலும் பலர் உட்கொள்கின்றனர். இம்மருந்துகளைப் பழிப்பது எமது நோக்கமன்று. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தோடு இருந்த எத்தனையோ பேரை மீண்டும் வயலுக்கும் அலுவலகத்துக்கும் பிள்ளைகளின் பக்கத்துக்கும் அனுப்பிவைத்தவை இவையே. ஆனால், தனித்து நின்று காக்கும் மருந்து, தகாத துணையோடு சேர்ந்தவிடத்துக் கொல்லும் மருந்தாகிவிடலாம் என்பதைப் பொதுமக்கள் அறிந்திருத்தல் வேண்டும். அறியாமையால் நேர்ந்த ஒரு மரணம், ஒரு மாநிலத்தின் சட்டத்தையே மாற்றிய வரலாற்றை இன்று எமது வாசகர்கள் முன் வைக்கின்றோம்.

ஓர் இரவில் நடந்தது

1984ஆம் ஆண்டு மார்ச் மாதம் 4ஆம் நாள் இரவு. அமெரிக்காவின் நியூயோர்க் நகரத்திலுள்ள பெரிய வைத்தியசாலை ஒன்றுக்கு லிபி சயன் என்னும் 18 வயதுப் பெண் காய்ச்சலோடு கொண்டுவரப்பட்டாள். கல்லூரியில் முதலாம் ஆண்டு மாணவி. மனச்சோர்வுக்காக வைத்தியர் ஒருவரின் ஆலோசனைப்படி பெனெல்சின் என்னும் மருந்தை உட்கொண்டு வந்தவள். உடல் நடுங்கிற்று. கைகால்கள் துடித்தன. மனம் நிலைகொள்ளாது தவித்தது.

அன்றிரவு அவளைப் பார்த்தவர்கள் பயிற்சி நிலையிலிருந்த இளம் வைத்தியர்கள் இருவர். குடும்ப வைத்தியரோ தொலைபேசியின் மறுமுனையிலே இருந்தார். நடுக்கத்தை அடக்குவதற்காகப் பெதிடின் என்னும் ஊசிமருந்து ஏற்றப்பட்டது. பெதிடின் என்பது எமது வைத்தியசாலைகளிலும் கடும் வேதனைக்குக் கொடுக்கப்படும் பழைய மருந்தே. நடுக்கம் அடங்கவில்லை, கலக்கம் மேலும் அதிகரித்தது. அவளைக் கட்டிலோடு கட்டிவைத்தனர். அமைதிப்படுத்துவதற்கென்று வேறொரு மருந்தும் கொடுக்கப்பட்டது. அவளுக்குப் பொறுப்பாயிருந்த இளம் வைத்தியருக்கு அதே இரவில் வேறும் பல நோயாளிகளைப் பார்க்கவேண்டியிருந்தது. விடியற்காலையில் உடற்சூடு 107 பாகை பரனைற்றுக்கு ஏறிற்று. இதயம் நின்றது. மருத்துவமனைக்குள் நுழைந்து அரை நாள் கழியுமுன்னரே அப்பெண் பிணமானாள்.

மரணத்துக்குக் காரணம் யாதென்று வைத்திய நிபுணர்கள் பல்லாண்டுகள் வாதிட்டனர். பெனெல்சினும் பெதிடினும் சேர்ந்து விளைத்த செரட்டோனின் நச்சுநிலையே காரணமென்று இன்று பலர் கருதுகின்றனர். இந்த இனத்து மருந்தை உட்கொள்பவருக்குப் பெதிடின் கொடுத்தால் விபரீதம் விளையும் என்பது 1984இல் கண்டுபிடிக்கப்பட்ட இரகசியமன்று. 1950களின் நடுப்பகுதியிலிருந்தே மருத்துவ ஏடுகளில் அச்சேறிவந்த செய்தி அது. அச்சிலே இருந்த அறிவு, அந்த இரவில் கட்டிலருகே வந்து சேரவில்லை என்பதே துயரம்.

திருவள்ளுவர் மருந்தென்னும் அதிகாரத்தை முடிக்கும்போது நோயாளி, வைத்தியன், மருந்து, உடனிருந்து கவனிப்பவன் என நான்கு கூறுகளை எண்ணிக் காட்டுவார். அன்றிரவு அந்த நான்கும் அங்கே இருந்தன. எனினும், ஒன்றைப்பற்றி மற்றொன்று அறிந்திருக்கவேண்டியவாறு அறிந்திருக்கவில்லை.

நீதிமன்றம் கண்டதும் காணாததும்

இறந்த பெண்ணின் தந்தை சிட்னி சயன் சட்டம் பயின்றவர், பத்திரிகையாளர். மகளைப் புதைத்ததோடு அவர் வாய்மூடி இருக்கவில்லை. குற்றவியல் வழக்குத் தொடரப்படவேண்டும் என்று கோரினார். 1986இல் விடயத்தை ஆராய்ந்த யூரிமார் எந்த வைத்தியர்மீதும் குற்றஞ்சாட்ட மறுத்தனர். ஆனால், இளம் வைத்தியர்களைப் போதிய மேற்பார்வையின்றி மணிக்கணக்காக வேலைவாங்கும் முறையைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டனர்.

அதன்பின்னர் டொக்டர் பேர்ட்ரண்ட் பெல் என்பவர் தலைமையில் ஒரு குழு நியமிக்கப்பட்டது. அக்குழுவின் விதப்புரைகளைத் தழுவி 1989இல் நியூயோர்க் மாநிலம் விதிகளைக் கொண்டுவந்தது. பயிற்சி வைத்தியர் வாரத்துக்கு 80 மணித்தியாலங்களுக்கு மேல் வேலைசெய்தலாகாது. தொடர்ச்சியாக 24 மணித்தியாலங்களுக்கு மேல் நிற்றலாகாது. மூத்த வைத்தியரின் மேற்பார்வை இருத்தல் வேண்டும் என்பன அவ்விதிகள். 2003இல் வாரத்துக்கு 80 மணித்தியாலம் என்ற எல்லை அமெரிக்கா முழுவதிலுமுள்ள பயிற்சி வைத்தியர்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது.

குடும்பத்தார் தொடுத்த நட்டஈட்டு வழக்கின் தீர்ப்பு 1995 பெப்ரவரியிலே வந்தது. பெதிடின் கொடுத்ததில் மூன்று வைத்தியர்கள் கவலையீனமாக நடந்தனர் என்று யூரிமார் கண்டனர். வைத்தியசாலையின் கவலையீனம் மரணத்துக்கு நேரடிக் காரணமாயிற்று என்று காணவில்லை. நட்டஈடு 750,000 டொலர் என்று கணித்தனர். ஆயினும், அதிற் பாதியைக் கழித்து 375,000 டொலரே கொடுக்கச் சொன்னார்கள். அப்பெண் கொக்கெயின் என்னும் போதைப்பொருளை உபயோகித்திருந்தாள் என்றும், ஆகவே தவறிற் பாதி அவளுடையது என்றும் அவர்கள் கருதினர். தந்தை இதனைக் கடுமையாக மறுத்தார்.

சட்டம் பயின்ற கண்ணோடு பார்ப்பவர்க்கு இத்தீர்ப்பிலே இரண்டு பாடங்கள் தெரியும். முதலாவது: சட்டம் கண்டது களைப்பை, காணாதது அறியாமையை. களைத்த கண் தவறிழைக்கும் என்பது உண்மை. வேலைநேரத்துக்கு எல்லை விதித்ததும் நியாயமே. ஆனால், எட்டு மணித்தியாலம் நன்றாகத் தூங்கி எழுந்த வைத்தியரும், நோயாளி வேறென்ன மருந்து உட்கொள்கிறார் என்று கேளாது, அல்லது கேட்டும் அது தம்முடைய மருந்தோடு என்ன செய்யும் என்று பாராது எழுதினால் விளைவு ஒன்றே. இரண்டாவது: செத்தவரின் தலையிலும் சட்டம் பாதிப் பழியைச் சுமத்தக்கூடும். “உடலிலே வேறென்ன சென்றிருந்தது?” என்ற கேள்வி நோயாளியையும் நோக்கி எழும். அப்பொழுது மறுமொழி சொல்ல அவர் இருக்கமாட்டார்.

துருசும் வானும்

இம்மருந்துகள் எவ்வாறு பகைக்கின்றன? எமது கமக்காரர் எளிதில் விளங்கக்கூடிய உவமை ஒன்று உண்டு. குளத்து நீருக்கு வெளியேறும் வழிகள் இரண்டு. ஒன்று துருசு, மற்றையது வான். மூளையின் நரம்புக் கலங்களுக்கிடையே செய்தி கொண்டுசெல்லும் இரசாயனங்களுள் ஒன்று செரட்டோனின். தன் வேலை முடிந்ததும் அதுவும் இரு வழிகளால் அகற்றப்படுகிறது. வெளிப்பட்ட நரம்புக் கலமே அதை மீள உறிஞ்சிக்கொள்வது ஒரு வழி. மொனோஅமைன் ஒக்சிடேஸ் என்னும் நொதியம் அதைச் சிதைப்பது மற்றைய வழி.

பெனெல்சின் போன்ற பழைய இனத்து மருந்துகள் சிதைக்கும் வழியை அடைப்பவை. புளூவொக்செற்றின், சேர்ட்ராலின் முதலிய, இன்று பெருவழக்கிலுள்ள மருந்துகள் உறிஞ்சும் வழியை அடைப்பவை. மனச்சோர்வு வெறும் செரட்டோனின் குறைவினாலேதான் வருகிறது என்று இன்றைய அறிஞர்கள் கூறமாட்டார்கள். எனினும், இம்மருந்துகள் செய்யும் வேலை இதுவே. ஒரு வழியை அடைத்தால் குளத்தில் நீர்மட்டம் சற்று உயரும், கட்டு தாங்கும். துருசையும் அடைத்து வானையும் அடைத்தால்? கட்டு உடைந்தே தீரும். பெதிடினும் உறிஞ்சும் வழியை ஓரளவுக்கு அடைக்கும் குணமுடையது. நியூயோர்க்கிலே நடந்தது இதுதான் என்று கருதப்படுகிறது.

கட்டு உடைவதன் அறிகுறிகள் இவை: பதற்றம், மிகுந்த வியர்வை, நடுக்கம், நாடித்துடிப்பு விரைதல், வயிற்றோட்டம், கண்மணி விரிதல், கால் தசைகள் விட்டுவிட்டு உதறுதல், கடுங்காய்ச்சல், அறிவு கலங்குதல். பெரும்பாலும் மருந்தைப் புதிதாகச் சேர்த்த அல்லது அளவைக் கூட்டிய சில மணித்தியாலங்களுக்குள், ஒரு நாளுக்குள், இவை தோன்றும். பார்ப்பவர் சாதாரண காய்ச்சல் என்றோ, மனநோய் முற்றிவிட்டது என்றோ எண்ணி ஏமாறக்கூடும். அந்த ஏமாற்றமே ஆபத்து.

இன்னொன்றையும் நினைவிலிருத்துதல் வேண்டும். நிறுத்திய மருந்து அன்றே உடலைவிட்டுப் போய்விடுவதில்லை. பெனெல்சினை நிறுத்திய பின்னர் இரு வாரங்கள் கழியாமல் புளூவொக்செற்றின் தொடங்கலாகாது. புளூவொக்செற்றினை நிறுத்தியபின் பெனெல்சின் தொடங்குவதாயின் ஐந்து வாரங்கள் காத்திருத்தல் வேண்டும். விட்டது நேற்று என்றாலும் வினை நாளையும் உண்டு.

ஒரு மருந்தாளரின் கடிதம்

மருந்துகளின் பகையைக் கண்டறிந்தவர் எப்பொழுதும் பேராசிரியர்கள் அல்லர். பெனெல்சின் பிறந்த இனத்தின் மூதாதை இப்ரோனியசிட் என்பது. 1952இல் நியூயோர்க்கின் ஸ்டாட்டன் தீவிலே காசநோயாளருக்கு அதைக் கொடுத்துப் பார்த்தபோது, படுக்கையிற் கிடந்தவர்கள் உற்சாகங்கொண்டு எழுந்தனர். அதிலிருந்தே மனச்சோர்வுக்கு மருந்து என்ற எண்ணம் வளர்ந்தது. சில ஆண்டுகளில் அவ்வினத்து மருந்துகள் பல நாடுகளிலும் பரவின. பரவிய இடங்களில் சிலருக்குத் திடீரென்று மண்டை பிளக்கும் தலையிடியும், இரத்த அழுத்தத்தின் கொந்தளிப்பும், மூளையில் இரத்தக் கசிவும் ஏற்பட்டன. காரணம் விளங்கவில்லை.

இங்கிலாந்தின் நொட்டிங்காம் நகரத்து மருந்தாளர் ஒருவர், இம்மருந்தை உட்கொண்ட தமது மனைவிக்குச் சீஸ் உண்ணும்போதெல்லாம் தலையிடி வருவதைக் கவனித்தார். கவனித்ததோடு நில்லாமல் இலண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையின் இளம் வைத்தியர் பரி பிளாக்வெல்லுக்குக் கடிதம் எழுதினார். உணவாவது, மருந்தாவது என்று முதலில் இதைப் பெரிதாக எடுத்தாரில்லை. ஆயினும் பிளாக்வெல் தேடினார், நோயாளிகளை விசாரித்தார், 1963இல் உண்மையை வெளியிட்டார். நாட்பட்ட சீஸிலுள்ள டைரமைன் என்னும் பொருளைச் சிதைக்கவேண்டிய நொதியத்தை மருந்து முடக்கிவிடுவதே காரணம் எனத் தெளிவாயிற்று. 1964இல் அவ்வினத்து மருந்தொன்று அமெரிக்கச் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டு, பின்னர் கட்டுப்பாடுகளோடு திரும்பவந்தது.

ஒரு மருந்தாளரின் கூர்ந்த கண்ணும், அவருடைய கடிதத்தைக் குப்பைக்கூடையில் எறியாத ஒரு வைத்தியரின் நேர்மையும் எத்தனை உயிர்களைக் காத்தன! மருந்தாளரை வெறும் கடைக்காரர் என்று எண்ணுபவர்கள் இதைச் சிந்திக்கட்டும்.

எமது வீட்டு மருந்துப் பெட்டி

“பெனெல்சினை இங்கு யார் உட்கொள்கிறார்கள்? இது அமெரிக்கக் கதை” என்று சிலர் சொல்லக்கூடும். அம்மருந்து இன்று அருகிவிட்டது உண்மை. அபாயம் அருகவில்லை.

நாள் முழுவதும் மண்வெட்டி பிடித்த கமக்காரருக்கு நாரி நோகிறது. ட்ரமடோல் எழுதப்படுகிறது. அது வலிநிவாரணி மாத்திரமன்று, செரட்டோனினையும் கூட்டும். அவரே மனச்சோர்வுக்குச் சேர்ட்ராலின் உட்கொள்பவராயின் நச்சுநிலைக்கும் வலிப்புக்கும் இடமுண்டு. உத்தியோகத்தர் ஒருவருக்கு ஓயாத தலையிடி. ஒரு கிளினிக்கிலே அமிட்ரிப்டிலின் கொடுக்கிறார்கள். வேறொரு கிளினிக்கிலே புளூவொக்செற்றின் கொடுக்கிறார்கள். இரண்டும் மனச்சோர்வு மருந்துகளே. புளூவொக்செற்றின் ஈரலின் ஒரு நொதியத்தைத் தடுத்து, அமிட்ரிப்டிலின் உடலிலே தேங்கும்படி செய்கிறது. தேங்கிய அமிட்ரிப்டிலின் இதயத்தின் சந்தத்தைக் குலைக்கவல்லது. மூட்டுநோவுக்கு டைகுளோபெனாக் விழுங்கும் முதியவர் சேர்ட்ராலினும் உட்கொண்டால் இரைப்பையில் இரத்தம் கசியும் வாய்ப்புக் கூடுகிறது. இருமற் பாணிகள் சிலவற்றிலுள்ள டெக்ஸ்ட்ரோமெதோர்பனும், கடுந்தொற்றுக்குக் கொடுக்கும் லினெசோலிட்டும் இதே பட்டியலைச் சேர்ந்தவை. லினெசோலிட் இன்று மருந்துக்கு அடங்காத காசநோய்க்கும் கொடுக்கப்படுகிறது. காசநோய் மருந்தொன்றிலிருந்து தொடங்கிய கதை மீண்டும் காசநோய் மருந்தொன்றிலே வந்து நிற்கிறது!

இவற்றைக் கேட்டு எவரும் தமது மருந்தைத் தாமாகவே நிறுத்திவிடலாகாது என்பதை அழுத்தந்திருத்தமாகக் கூற விரும்புகிறோம். திடீரென்று நிறுத்துவதும் ஆபத்தே. அடங்கிய நோய் மீண்டும் தலைதூக்கும். மேலே சொன்ன சேர்க்கைகளுள் சிலவற்றை நிபுணர்கள் தெரிந்தே, அளவறிந்து, நோயாளியைக் கண்காணித்து எழுதுவதும் உண்டு. தெரிந்து சேர்ப்பது வைத்தியம். தெரியாமற் சேர்வதே விபத்து.

ஒளிப்பு உதவாது

தெரியாமற் சேர்வதற்கு எமது சமூகமும் காரணமாகிறது. நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர் அதைச் சந்தியிலே நின்று சொல்வார். இரத்த அழுத்தத்துக்கு எடுப்பவரும் சொல்வார். மனச்சோர்வுக்கு எடுப்பவரோ சொந்தச் சகோதரனுக்கும் சொல்லமாட்டார். மகளுக்குக் கலியாணம் பேசுவது தடைப்படுமே, அலுவலகத்திலே ஏளனஞ் செய்வார்களே என்ற அச்சம். மருந்துச் சரை அரிசிப்பானைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. அவர் மயங்கி விழுந்து வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்படும்போது, உடன் செல்பவர்கள், “ஒரு மருந்தும் எடுப்பதில்லை, ஐயா” என்று சத்தியஞ் செய்கிறார்கள். பொய் சொல்கிறார்களல்லர், அறியாமற் சொல்கிறார்கள். வைத்தியர் அதை நம்பி ஊசியை எடுக்கிறார்.

நீண்ட போரையும், ஆழிப்பேரலையையும், இடப்பெயர்வையும், காணாமற்போனோரின் துயரத்தையும் சுமந்த மக்கள் நாம். எமது மனங்கள் காயப்படவில்லை என்று யாரிடம் நடிக்கிறோம்? மனக்காயத்துக்கு மருந்தெடுப்பது, காலிற் பட்ட காயத்துக்கு மருந்திடுவதிலும் கீழான செயலன்று. மானத்தைக் காப்பதாக எண்ணி உயிரை ஒளித்துவைப்பது அறிவுடைமையாகாது.

வேண்டுவன எவை?

மருந்துகளைப் பதிவுசெய்யவும், இறக்குமதியையும் விற்பனையையும் ஒழுங்குபடுத்தவும் இந்நாட்டில் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் உண்டு. அது வேண்டியதே. ஆனால், தரமானதென்று பதிவான மருந்து இரண்டு ஓர் உடலிலே சந்திப்பதை அதிகாரசபை ஒன்று கொழும்பிலிருந்து காத்துநிற்க முடியாது. அதைக் காக்கவேண்டியவர்கள் எழுதுபவர், கொடுப்பவர், உட்கொள்பவர் ஆகிய மூவருமே. ஆகவே எமது கோரிக்கைகளும் மூவரையும் நோக்கியன.

வைத்தியர்களுக்கு: எந்த மருந்தை எழுதுமுன்னும், நோயாளி உட்கொள்ளும் ஏனைய மருந்துகள் யாவை என்று கேட்டு, கேட்டதைக் கிளினிக் கொப்பியிலே எழுதுதல் கட்டாயமாக்கப்படல் வேண்டும். அரசாங்க வைத்தியசாலையில் ஒரு கொப்பியும் தனியார் வைத்தியரிடம் ஒரு துண்டும் என்று ஒரே உடலுக்கு இரண்டு கணக்கு இருத்தலாகாது. பிறர் கேட்கும்படி உரத்துக் கேளாமல், நோயாளியின் மானத்தைக் காத்துக் கேட்பதும் வைத்தியரின் கடமையே.

மருந்தாளர்களுக்கும் அவர்களை ஆளும் சட்டத்துக்கும்: பெயரில்லாத சரையிலே மருந்தைக் கட்டிக் கொடுக்கும் வழக்கம் ஒழிதல் வேண்டும். ஒவ்வொரு சரையிலும் மருந்தின் பொதுப்பெயர் தெளிவாக எழுதப்படல் வேண்டும். மருந்துகளை வியாபாரப் பெயரால் அல்லாது பொதுப்பெயரால் வழங்குக என்று பேராசிரியர் சேனக பிபிலை அன்றே போராடினார். ஒரே மருந்து இரண்டு வியாபாரப் பெயரோடு இரண்டு சரையிலே வந்தால், அதை இரண்டு நோய்க்கு இரண்டு மருந்தென்றே உட்கொள்பவர் எண்ணுவார். பெயரோடு எச்சரிக்கையும் வேண்டும். அவ்வெச்சரிக்கை உட்கொள்பவரின் மொழியிலும் இருத்தல் வேண்டும். 1987இல் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியென அரசியலமைப்பிலே எழுதப்பட்டது. அந்த எழுத்து ஒரு மருந்துச் சரை வரையில் நடந்துவர இத்தனை ஆண்டுகள் போதாவா? தமிழ் மாத்திரம் தெரிந்த கமக்காரரின் கையில் ஆங்கிலச் சுருக்கெழுத்தைக் கொடுத்துவிட்டு, “எச்சரித்தோம்” என்று எந்த நீதிமன்றத்திலே சொல்வது? சிங்களம் மாத்திரம் தெரிந்தவருக்கும் இதே நியாயம் உண்டு. இது மொழிப் பெருமை பற்றிய விவகாரமன்று. உயிர் பற்றிய விவகாரம்.

எமது வாசகர்களுக்கு: உங்கள் கையில் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு தாளை எடுங்கள். உட்கொள்ளும் ஒவ்வொரு மருந்தின் பெயரையும், அளவையும், கொடுத்தவரையும் எழுதுங்கள். கடையிற் கேட்டு வாங்கிய நோக்குளிசை, இருமற் பாணி, நாட்டு மருந்து, அண்மையில் நிறுத்திய மருந்து யாவும் அதில் இடம்பெறட்டும். எழுதத் தெரியாத பெற்றோருக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். அத்தாளை அடையாள அட்டையோடு வைத்திருங்கள். நம்பிக்கைக்குரிய ஒருவருக்காவது அது இருக்குமிடத்தைச் சொல்லிவையுங்கள். புதிய மருந்து தொடங்கிய ஓரிரு நாளில் நடுக்கமும் வியர்வையும் காய்ச்சலும் கலக்கமும் தோன்றினால் நாளை பார்ப்போம் என்று காத்திராதீர்கள். எல்லாச் சரைகளையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

நியூயோர்க்கிலே ஒரு தந்தை பதினொரு ஆண்டுகள் போராடினார். விதிகள் மாறின, தீர்ப்பு வந்தது, நட்டஈடும் விதிக்கப்பட்டது. மகள் வரவில்லை. சட்டத்தின் இயல்பு அது. நடந்தபின் கணக்குப் பார்க்க அது வல்லது; நடக்குமுன் காக்க வல்லது ஒருவர் கேட்கும் கேள்வியும் மற்றவர் சொல்லும் மறுமொழியுமே. கேட்கத் தயங்கும் வைத்தியரும், சொல்ல நாணும் நோயாளியும், பெயரெழுதாத சரையும் ஒருங்கே உள்ள நாட்டில், அடுத்த மரணம் விபத்தென்று பதியப்படலாம். அதை நாம் விபத்தென்று ஒப்புக்கொள்ளப் போவதில்லை.